லைட்டுக்காரரின் பெரிய வியாழன்

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று, காப்பியைக் குடித்து முடித்த கையோடு லைட்டுக்காரர் ஒரு பெரிய தீர்மானத்தை அறிவித்தார். ஈஸ்டர் வரைக்கும் இனி காப்பியைத் தொடப்போவதில்லை. அறிவித்துவிட்டு, வீடே கைதட்டும் என்று எதிர்பார்த்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டில் இருந்தது அவர் மனைவி மட்டும்தான். அவள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, போன வருஷமும் இதைத்தான் விட்டீர்கள், அதற்குப் பதிலாக டீயைக் குடித்துத் தள்ளினீர்கள் என்றாள். நாக்கைக் கட்டுவது பெரிய காரியமில்லையாம். விடுவதென்றால் விட முடியாததை விட வேண்டுமாம்.

"விட முடியாததுன்னா எது?"

"பொய்யை விட்டுப் பாருங்களேன்."

"நான் என்னடி பொய் சொல்றேன்?"

அவள் ஊசியில் நூல் கோத்தாள். 

அவர் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பொய்தான். ஆனால் அதைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இருட்டென்றால் பயம். சாதாரணப் பயமில்லை, உள்ளங்கை வேர்த்து, காது அடைத்து, முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று உடம்பு முழுக்கச் சிலிர்க்கிற பயம். இந்த லட்சணத்தில் அவர் தொழில் எலக்ட்ரீஷியன். ஊரெல்லாம் வெளிச்சம் போட்டுக்கொடுக்கிறவருக்கு ஒரு நிமிஷம் வெளிச்சம் இல்லாமல் இருக்க வராது. ராத்திரியில் கரண்ட் போய் யாராவது கூப்பிட்டால், இரவில் வேலை செய்வது கம்பெனி விதிமுறைக்கு விரோதம் என்பார். அந்தக் கம்பெனியில் முதலாளி, தொழிலாளி, விதிமுறை எல்லாம் அவரேதான். வீட்டு நடையில் விடிய விடிய ஒரு பல்பு எரிந்தது. கேட்டால், பிள்ளை பயப்படும் என்பார். அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டது. பல்பு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே சோதனை வந்தது.

அவர்களுடைய லூத்தரன் சபையில் லெந்து காலத்துப் புதன்கிழமைகளுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் பக்கத்து ஹாலில் எல்லோருக்கும் சூப்பும் ரொட்டியும். அதை நடத்துவது லைட்டுக்காரரின் மனைவியும் இன்னும் சில பெண்களும். பிறகு கோயிலுக்குள் போய் இயேசு பட்ட பாடுகளின் வாசிப்பு, ஜெபம். அந்த நாட்களில் பீடத்தில் பூ வைக்க மாட்டார்கள், அல்லேலூயா பாட மாட்டார்கள், ஊதா நிறத் துணிதான் விரித்திருக்கும். வாசிப்பு முடிந்ததும் கோயிலின் விளக்குகளில் ஒரு பகுதியை அணைப்பார்கள். முதல் வாரம் வாசல் பக்கம் மட்டும். அடுத்த வாரம் பின் வரிசைகளும் சேர்ந்து அணையும். இப்படி வாரா வாரம் இருட்டு முன்னேறி வந்து, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் பீடத்தின் மேலுள்ள துணியையும் உருவி எடுத்துவிட்டு, கடைசி விளக்கையும் அணைத்துவிடுவார்கள். கும்மிருட்டில் சபை முழுக்க மௌனமாக உட்கார்ந்திருக்கும். அப்போது உள்ளேயிருந்து ஒரு பெரிய சத்தம் கேட்கும். இயேசுவின் கல்லறை வாசலைக் கல் மூடுகிற சத்தம் அது. தடிமனான ஒரு பலகையைத் தரையில் ஓங்கி அடித்து அதை உண்டாக்குவார்கள்.

விளக்கை அணைத்துப் பலகையை அடிக்கிற வேலையைக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்தான் செய்துவந்தார். இந்த வருஷம் அவருக்குக் கண் ஆபரேஷன். அதே வருஷம்தான் மாற்றலாகி வந்திருந்த போதகர், சூப்புக் கிண்ணத்தோடு நேராக லைட்டுக்காரரிடம் வந்தார். தொழில் தெரிந்தவர் ஒருவர் சபையிலேயே இருப்பது பாக்கியம் என்றார். ஹாலில் திடீரென்று கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் லைட்டுக்காரரின் நெஞ்சு அவரைக் கேட்காமலே விரிந்துவிட்டது. சரிங்க ஐயா என்று வாய் சொல்லிவிட்டது. மனைவி அந்தப் பக்கம் திரும்பி சூப்பைக் கிண்டினாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. பெருமையில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் புதனும் இரண்டாம் புதனும் பாதகமில்லாமல் போயின. சுவிட்ச் போர்டு இருந்தது வெஸ்ட்ரியில், அதாவது பீடத்துக்குப் பின்னால் போதகர் அங்கி மாற்றுகிற சின்ன அறையில். அதற்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சம் கோயிலுக்குள் கசியக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு நிற்க வேண்டும். ஆனாலும் அறைக்கென்று தனி விளக்கு எரிந்ததால் சமாளித்தார். மூன்றாம் வாரம்தான் போர்டைக் கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது, பெரிய வியாழனன்று மெயினை இறக்கினால் வெஸ்ட்ரி விளக்கும் சேர்ந்து போய்விடும். அந்த இருட்டில், அங்கிகள் வரிசையாகத் தொங்குகிற அறையில், பரமண்டல ஜெபத்தை மனசுக்குள் மூன்று தரம் சொல்லி முடிக்கும்வரை தனியாக நிற்க வேண்டும். அன்றைக்கு அவருக்கு சூப்பு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு வாரங்கள் வேகமாக ஓடின. ஒவ்வொரு புதனும் ஒரு வரிசை விளக்கு போகும்போது அவர் உயிரிலும் கொஞ்சம் போனது. வேலைக்குப் போன இடத்தில் மீட்டர் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு அதன் உள்ளிருட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். சபையில் மட்டும் அவருக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. சூப்பு ஊற்றுகிற பெண்கள் அவருக்கு மட்டும் ஒரு கரண்டி அதிகம் ஊற்றி, தெம்பு வேண்டுமே என்றார்கள். பாடகர் குழுவை நடத்துகிற பாட்டு மாஸ்டர் தோளில் கைபோட்டு, கடைசிப் பாட்டைக் கொஞ்சம் சத்தமாகவே பாடச்சொல்கிறேன், உள்ளே நன்றாகக் கேட்கும் என்றார். சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் சாவிக்கொத்தில் மாட்டுகிற குட்டி டார்ச் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் உலகம் எப்படி மதிக்கிறது பார் என்று மனைவியிடம் சொன்னார். ஆமாங்க, எல்லாருக்கும் உங்க மேல அவ்வளவு அக்கறை என்றாள் அவள்.

டார்ச்சை அடிக்க முடியாது, கதவு இடுக்கு வழியே தெரிந்துவிடும். ஆகவே லைட்டுக்காரர் தொழில் மூளையைப் பயன்படுத்தினார். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, பெண்கள் பித்தளைக் குத்துவிளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வயரிங் பார்க்கிறேன் என்று வெஸ்ட்ரிக்குள் போனார். அங்கி அலமாரியின் மூலையில், ஒரு பேட்டரியோடும் சுவிட்சோடும் சேர்த்து, சுண்டுவிரல் அளவு பல்பு ஒன்றை மாட்டினார். அலமாரிக் கதவை ஒரு விரல் திறந்து வைத்தால் அவர் மூக்குக்கு மட்டும் வெளிச்சம் வரும், வெளியே யாருக்கும் தெரியாது. மெயின் போனாலும் அது எரியும். எரிய வைத்துப் பார்த்தார். அந்தச் சின்ன மஞ்சள் வெளிச்சத்தைக் கண்டதும் பல நாளைக்குப் பிறகு மூச்சு அடிவயிறுவரைக்கும் போய் வந்தது.

"என்ன பண்றீங்க அங்க?" மனைவி பித்தளை தேய்க்கிற தூளோடு வாசலில் நின்றாள்.

"எர்த் செக் பண்றேன்."

"அலமாரிக்குள்ளயா?"

"எர்த் எங்க வேணும்னாலும் லீக் ஆகும். உனக்குப் புரியாது."

"சரிங்க," என்று போய்விட்டாள். மறு பேச்சில்லாமல் அவள் போனது அவருக்கு அப்போது நல்ல சகுனமாகத்தான் தோன்றியது.

பெரிய வியாழன் வந்தது. கோயில் நிறைந்திருந்தது. அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து முடிந்தது. பெண்கள் பீடத்திலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சென்றார்கள். ஊதாத் துணியை உருவி மடித்தார்கள். பீடம் மொட்டையாகிப்போனது. பாட்டு மாஸ்டர் சொன்னபடியே கடைசிப் பாட்டு சத்தமாக எழும்பியது. அவர் வெஸ்ட்ரிக்குள் நுழைந்து அலமாரிக்குள் விரலை விட்டுத் தன் பல்பின் சுவிட்சைத் தட்டினார், பலகையை மார்போடு அணைத்துக்கொண்டார், பாட்டு முடியும் கணத்தில் மெயினை இறக்கினார். இறக்கும்போது இறுக மூடிக்கொண்ட கண்ணை, அலமாரிப் பக்கம் திரும்பிய பிறகே திறந்தார்.

வெளிச்சம் இல்லை.

கண்ணைத் திறந்திருக்கிறோமா என்று இமையைத் தொட்டுப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவினார். பல்பு இருந்த இடத்தில் பல்பு இல்லை. ஏதோ ஒரு அங்கியின் கை அவர் கன்னத்தில் உரசியது. வெளியே ஒரு சபையே மௌனமாக உட்கார்ந்திருந்தது, ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. இப்போது கத்தினால் அத்தனை பேர் காதிலும் விழும். மெயினைத் தூக்கினால் பெரிய வியாழனே கெட்டுப்போகும். கத்தாமல் இருந்தால் செத்துப்போவோம் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினார். அன்றாட அப்பத்தைத் தாரும் என்று கேட்கிற இடத்தில் அடுத்த வரி மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி அப்பம். 

அப்போதுதான் மூச்சுச் சத்தம் கேட்டது. அது அவருடைய மூச்சு இல்லை. அதை உறுதி செய்ய அவர் மூச்சை நிறுத்திப் பார்த்தார். அது நிற்கவில்லை. கிட்டே வந்தது. குளிர்ந்த கை ஒன்று இருட்டிலிருந்து நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

லைட்டுக்காரர் பலகையை விட்டுவிட்டார்.

அது சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தத்தில் அலமாரிக் கதவு அதிர்ந்து மூடிக்கொண்டது. வெளியே சபை முழுக்க ஒரே சமயத்தில் திடுக்கிட்டு மூச்சை இழுத்தது. அவர் வாயிலிருந்து கிளம்பிய அலறலை இன்னொரு கை பொத்திவிட்டது. அந்தக் கையில் வெங்காய வாடை அடித்தது.

"நான்தாங்க," என்றது காதோரம் ஒரு கிசுகிசுப்பு. "துணியை வைக்க அங்கிகளுக்குப் பின்னால நின்னேன், நீங்க பாக்காமக் கதவைச் சாத்திட்டீங்க. சும்மா நில்லுங்க."

"பல்பு?"

"துணி வைக்கிற அலமாரில பல்பு எதுக்கு? சுட்டுடும்னு எடுத்துட்டேன்."

அவர் அந்தக் கையை விடவில்லை. திட்டவும் இல்லை. வாழ்க்கையில் யாரையும் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, இத்தனைக்கும் அவளைக் காணக்கூட முடியவில்லை. பிறகு அவளே அவர் கையை மெயின் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். சபை வெளியே போவதற்கான ஒற்றை விளக்கு எரிந்தது.

அன்றைக்குப் பேசாமல் கலைந்து போவதுதான் முறை. ஆனாலும் போதகரால் அடக்க முடியவில்லை. வாசல் கேட்டருகே லைட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில், அந்தச் சத்தம் கேட்டபோது தன் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது என்றார். இப்படி ஒரு கல் புரண்ட சத்தத்தை எந்தச் சபையிலும் கேட்டதில்லையாம். லைட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததோடு நிற்கவில்லை, கொஞ்சம் வீங்கியும் வந்தது.

"இருட்டுல தனியா நிக்கும்போதுதான் ஐயா எனக்கு மனசு அமைதியாகுது. பழக்கம் பாருங்க."

போதகர் ஏனோ ஒரு தரம் அவர் மனைவியைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து இருமினார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. ஈஸ்டர் அன்னிக்கு விடியக் காலைல கல்லறைத் தோட்டத்துல ஆராதனை இருக்கு. ஜனங்க வர்றதுக்கு முன்னாடி போய் லைட்டும் மைக்கும் கட்டணும். இருட்டோட போனாத்தான் ஆகும். நீங்களே பாத்துக்கறீங்களா?"

சரிங்க ஐயா என்றது பழையபடி வாய். மற்ற உறுப்புகள் எதுவும் சம்மதிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்துவந்த வழியெல்லாம் அவர் தெருவிளக்குக்குத் தெருவிளக்கு நின்று மூச்சு வாங்கினார். முதலில் இடுப்பில் ஒரு பிடிப்பு என்றார். வெந்நீர் வைத்துத் தருகிறேன் என்றாள் மனைவி. பிறகு, ஈஸ்டர் காலையில் பறவைச் சத்தமெல்லாம் அழகாக இருக்கும், நீயும் என்னோடு சீக்கிரம் வந்து கேட்கலாமே என்றார். பறவை வீட்டுக் கொல்லையிலேயே கத்துகிறதே என்றாள். மைக் டெஸ்ட் பண்ண ஒரு குரல் வேண்டும் என்றார். உங்கள் குரலுக்கு என்ன குறை என்றாள். கல்லறைகளையும் அவற்றின் நடுவே வயர்ச் சுருளோடு தான் நிற்பதையும் அவர் நினைத்துப் பார்த்தார். கால் அடுத்த அடி வைக்க மறுத்தது.

"ஏண்டி, வாயேன்."

"எதுக்கு வரணும்னு சொல்லுங்க, வர்றேன்."

அவர் முன்னும் பின்னும் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை.

"எனக்குப் பயமா இருக்கு."

"எது?"

"இருட்டு. எப்பவுமே. சின்ன வயசுலேர்ந்து." சொல்லி முடித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு வருஷம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்ததில் தோள்கூட லேசானது போல இருந்தது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வர்றேங்க. பாஸ்டர் போன வாரம் என்கிட்ட கேட்டப்பவே நாம ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லிட்டேன்."

"போன வாரமா? காரணம் என்னன்னு சொன்ன?"

"எங்க வீட்டுக்காரருக்கு இருட்டுன்னா பயம்னு சொன்னேன்."

லைட்டுக்காரர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். கைக்குட்டையும் இருமலும் இப்போதுதான் விளங்கின. மெல்லிய குரலில், போனால் போகட்டும், போதகர் ஒருத்தருக்குத் தெரிந்தால் பரவாயில்லை, அவர் வெளியே சொல்ல மாட்டார், சபையில் வேறு யாருக்கும் தெரியாதே என்று கேட்டார்.

"தெரியாம இருந்தது அவர் ஒருத்தருக்குத்தாங்க. பாவம், புதுசா வந்தவரு."