கட்-அவுட் குனிந்த வழக்கு

குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, உரிய முன் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறும் விண்ணப்பதாரர், தமது விண்ணப்பத்தைத் தாமே கைவிட்டதாகக் கருதப்படுவார். இந்த வரி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது என் மனைவி லிகாயா. பால் எடுக்க, முட்டை எடுக்க என்று நாளைக்குப் பத்து முறை அதைப் படித்துவிட்டு, பத்து முறையும் நாட்டுக்குள்ளேயே இருந்தாள்.

என் பெயர் போயெட். கலிபோர்னியாவில் டேலி சிட்டியில் பஸ் ஓட்டுகிறேன். நான் அமெரிக்கப் பிரஜையாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம். லிகாயா என்னைக் கட்டிக்கொண்டு கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தவள். ஆகவே என்னைக் கட்டிக்கொள்ளாத அத்தனை பேரும் தாராளமாகப் போய்வரும் பிலிப்பைன்ஸுக்கு அவள் மட்டும் போக முடியாது.

அங்கே லிபா ஊரில் என் மாமனார் அனாக்லெட்டோவுக்கு நவம்பரில் எழுபது வயசு முடிகிறது. நாற்பது வருஷம் ஜீப்னி என்கிற எங்கள் ஊர் ஷேர் வண்டி ஓட்டிய மனுஷன். இப்போது கண் நரம்பு போய்க்கொண்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வெளிச்சமும் நிழலும்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறந்தநாளுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பெற்ற பிள்ளைகள் ஏழு பேரும் வயசு வரிசையில் நிற்க, ஒருமுறை பார்த்துவிட வேண்டும். துபாயில் இருக்கிற இரண்டு பேர், கப்பலில் இருக்கிற ஒருவன், உள்ளூரில் மூன்று பேர், எல்லோரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். லிகாயா நாலாவது பிள்ளை. வரிசைக்கு நட்டநடுவில் ஓட்டை.

லிகாயா இரண்டு நாள் அடுப்புப் பக்கம் போகவில்லை. அப்பா கண்ணில் கடைசியாக விழும் முகங்களில் தன் முகம் இருக்காது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தாங்கவில்லை.

பயணத்துக்கான முன் அனுமதிக்குக் குடியேற்ற அலுவலகம் வைத்திருக்கும் பெயர் பரோல். மார்ச்சிலேயே கேட்டிருந்தோம். "தங்கள் கோரிக்கை பெறப்பட்டது" என்று ஒரு பதில் வந்ததோடு சரி. ஜெயில் கைதிக்குச் சீக்கிரம் கிடைத்துவிடும் என்பது என் அபிப்பிராயம். அக்டோபரில் அவசரப் பிரிவுக்கே நேரில் போனோம். அங்கே இருந்தவர் திரு. விட்கோம்ப். ஐம்பத்தெட்டு வயசு, சாந்தமான முகம், சட்டத்தை மீறி ஒரு தும்மல்கூடப் போடாதவர்.

"உங்க அப்பா இறந்துட்டாரா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"இறக்கப் போறாரா?"

"அப்படியெல்லாம் இல்ல. கண்ணு போகப் போகுது."

"கண்ணு போனாலும் அவரு இருப்பாருல்ல? அப்ப இதுல அவசரம் ஒண்ணும் இல்லையே. அனுமதி வந்ததும் போய்ப் பாருங்க."

"நான் அவரப் பாக்குறதுக்கு இல்ல சார். அவரு என்னப் பாக்கணும்."

விட்கோம்ப் அவசரக் காரணங்களின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்படின்னா விண்ணப்பிக்க வேண்டியவர் அவருதாம்மா."

சரி என்று மாமனார் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தார். நேர்காணல் தேதி அடுத்த செப்டம்பரில் கிடைத்தது. கண்ணுக்குக் கெடு கிறிஸ்துமஸ்.

இந்த இடத்தில்தான் கடைசி மச்சினி மயூமி களத்தில் இறங்கினாள். எங்கள் பிலிப்பைன்ஸ் ஜனங்களுக்கு பேனர் பைத்தியம் உண்டு. நர்ஸ் பரீட்சை பாஸானால் தெருமுனையில் பேனர், கப்பல் வேலை கிடைத்தால் பேனர், வேலை முடிந்து திரும்பினால் இன்னொரு பேனர். சமீபத்திய மோஸ்தர், வர முடியாதவர்களுக்கு ஆளுயர கட்-அவுட் வைப்பது. வெளிநாட்டில் இருக்கும் அப்பன்மார் பாதிப் பேர் பட்டமளிப்பு விழாக்களில் அட்டையாகத்தான் நிற்கிறார்கள்.

லிகாயாவை நீல கவுன் போட்டு சமையலறைச் சுவர் ஓரம் நிற்கவைத்துப் படம் பிடித்து அனுப்பினேன். லிபாவில் அதை ஐந்தடி ஒரு அங்குலத்துக்கு அச்சடித்து, அட்டையில் ஒட்டி, உருவத்தின் ஓரத்தோடு வெட்டிக் கொடுத்தார்கள். கடைக்காரர் சந்தோஷத்தில் ஒரு பேனரும் இலவசமாகக் கொடுத்தார். 'வருக வருக லிகாயா! நவம்பர் 18' என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் கடையில் எல்லா பேனரும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள், அதாவது ஆறு பேரும் அட்டையும். விமானக் குளிரில் லிகாயாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேச்சு வராது என்று மாமனாரிடம் சொல்லிவைத்தோம். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அதுவரை எல்லாம் நல்லபடியாகப் போனது. அப்புறம் அவர் கையை நீட்டினார்.

பெரியவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்ளாத பிள்ளை எங்கள் வழக்கத்தில் பிள்ளையே இல்லை. மூன்று பேர் வைத்துக்கொண்டார்கள். நாலாவது ஆளுக்காகக் கை அந்தரத்தில் காத்திருந்தது. மூத்தவன் கிறிஸ்புலோ சட்டென்று அட்டையின் கழுத்தைப் பிடித்து முன்பக்கமாக மடித்தான். லிகாயா பவ்வியமாகக் குனிந்தாள். நெற்றி கையில் பட்டது. போட்டோக்காரர் சரியாக அந்த நொடியில் அமுக்கினார். மாமனார் கையை ரொம்ப நேரம் அங்கேயே வைத்திருந்துவிட்டு, அடுத்தவனைக் கூப்பிட்டார்.

ஜனவரியில் எங்கள் கல்யாணம் நிஜமா என்று பார்க்கும் நேர்காணல் வந்தது. குடும்பப் படங்களை யோசிக்காமல் கொடுங்கள் என்று எங்கள் வக்கீல் திமாயுகா சொல்லியிருந்தார். நானும் யோசிக்காமல் கொடுத்தேன். நாற்பது படம். மேலே இருந்தது அட்டை குனிந்த படம். எடுத்துப் பார்த்தவர் அதே விட்கோம்ப்.

"இது எங்க எடுத்தது?"

"லிபாவுல, எங்க மாமனார் வீட்டுல" என்றேன் பெருமையாக.

"பேனர்ல 'வருக வருக லிகாயா'ன்னு இருக்கு. தேதியும் இருக்கு."

"அது இவ இல்ல சார். கட்-அவுட்."

"கட்-அவுட் குனியாதுங்க" என்றார் விட்கோம்ப், வருத்தத்தோடு.

தான் எங்கும் போகவில்லை, பாஸ்போர்ட்டில் முத்திரையே இல்லை என்று லிகாயா எடுத்துக் காட்டினாள். முத்திரை இல்லாதது போகாததற்கு ஆதாரம் ஆகாது, முறைப்படி போகாததற்கு மட்டுமே ஆதாரம் என்று அவர் விளக்கினார். பிறகு எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கே படித்துக் காட்டினார்: விண்ணப்பதாரர் நவம்பர் 18 அன்று தமது தகப்பனாருக்கு மரியாதை செலுத்தும் நிலையில் வெளிநாட்டில் காணப்பட்டமையால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருத இடமுண்டு. மறுப்பு ஏதேனும் இருப்பின் மேற்படி அட்டையை முப்பது நாளுக்குள் நேரில் ஆஜர்படுத்த வேண்டும்.

ஊரில் இருப்பவர்களுக்குச் சாமான் நிரப்பி எப்போதும் இங்கிருந்து அங்கே நாங்கள் அனுப்பும் பெட்டி, முதல் தடவையாக அங்கிருந்து இங்கே வந்தது. உள்ளே இருக்கும் பொருள்கள் பட்டியலில் மயூமி எழுதியிருந்தாள்: லிகாயா, ஒன்று. உலர்ந்த மாம்பழம், பன்னிரண்டு பாக்கெட். சுங்கத்தில் மாம்பழத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். லிகாயாவை ஒன்றும் கேட்கவில்லை. முன் அனுமதி இல்லாமலே நாட்டுக்குள் வந்துவிட்டாள்.

விட்கோம்ப் அட்டையையும் லிகாயாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, கோப்பில் இருந்த படத்தோடு ஒப்பிட்டார். "அட்டையில இருக்கிறவங்கதான் கோப்புக்கு ஒத்துப்போறாங்க. நீங்க கொஞ்சம் மாறிட்டீங்க" என்றார்.

"பத்து மாசமா உங்களுக்காகக் காத்துக் கெடக்குறேன் சார். மாறாம இருக்க நான் என்ன அட்டையா?"

இதற்கு விதிகளில் பதில் இல்லாததால், அட்டையைக் குனியவைத்துக் காட்டச் சொன்னார். ஒரு பெரியவர் கை இல்லாமல் அது முடியாது என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே மூத்தவர் அவர்தான். தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். நான் கழுத்தை மடித்தேன். நீல கவுன் லிகாயா குனிந்து, அமெரிக்க அரசாங்கத்தின் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"கடவுள் உன்ன ஆசீர்வதிக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டார் விட்கோம்ப். சொன்ன பிறகு காது சிவந்துபோய், மளமளவென்று எழுதினார். கழுத்து மடிப்பு ஆய்வு செய்யப்பட்டது. வெளிநாட்டில் காணப்பட்டது அட்டையே; அட்டைக்கு விண்ணப்பம் ஏதும் நிலுவையில் இல்லை. மேலும், போலித் திருமணம் செய்தவர்கள் இவ்வளவு முட்டாள்தனமாகச் சிரமப்பட மாட்டார்கள் என்பதால் இது உண்மைத் திருமணமே.

கிரீன் கார்டு வந்தது. அடுத்த வாரம் பரோலும் வந்தது. அட்டை கோப்போடு சேர்ந்தது, திருப்பித் தரவில்லை.

மார்ச்சில் லிகாயா ஊருக்குப் போனாள். நான் போகவில்லை. இருந்த லீவை நவம்பரிலேயே தீர்த்திருந்தேன். புதிதாகக் கேட்ட லீவுக்கு எங்கள் டிப்போவிலிருந்து பதில் வந்தது: விடுப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பணிக்கு வராதவர், பணியைத் தாமே கைவிட்டதாகக் கருதப்படுவார். அதை ஃபிரிட்ஜில் பழைய வரிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். செய்தி போனதும் மயூமி என் படம் ஒன்றைக் கேட்டாள். யூனிஃபார்மோடு அனுப்பினேன்.

டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து போனில் எல்லாவற்றையும் பார்த்தேன். மாமனாருக்கு இப்போது நிழல்தான் தெரிகிறது. லிகாயா அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதாள்.

"நவம்பர்ல வந்தவ கைய நனைக்கல" என்றார் கிழவர்.

"அப்பவே தெரியுமாப்பா?"

"நெத்தி வழவழன்னு இருந்துச்சு. ஏழு பேரும் நிக்கணும்னு கேட்டது நான். நீங்களும் நிறுத்துனீங்க. பாவம், எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்." அவள் கன்னத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். பக்கத்தில் யூனிஃபார்மோடு நின்ற உருவத்தையும் தடவினார். ஓரத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ள எந்த நாட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்காரு?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

கிறிஸ்புலோ என் கழுத்தைப் பிடித்து மடித்தான். இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கும் தலை தானாகக் குனிந்தது.