சுற்றி வந்த அட்டை

மாமியார் முன்னால் வீறாப்புக் காட்டி உருப்பட்டவன் எனக்குத் தெரிந்து யாருமில்லை. நானும் உருப்படவில்லை.

அப்போது ஆவடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கல்யாணமான புதிது. ஒரு மத்தியானம் வெள்ளானூரிலிருந்து மாமியார் வந்தார். மாமனாருக்கு வலிப்பு உண்டு. மாத்திரை காலையோடு தீர்ந்துவிட்டது. ராத்திரி வேளை தவறினால் வலிப்பு வந்துவிடும். காலி அட்டையை நீட்டினார். மூலையில் மஞ்சள் கறை. (மாமனாரின் சாம்பார்க் கை.)

"இந்த மாத்திர கீதா மாப்ளே?"

இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கே கிடையாது. "குடோன்லர்ந்து வருது" என்று ஆளை உட்காரவைப்போம். பின்பக்கமாகப் போய் அடுத்த கடையில் கைமாற்றாக வாங்கி வருவோம். குடோன் என்று ஒன்றும் இல்லை.

"குடோன்ல கீது அத்தே. உக்காருங்க."

கலர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அட்டையோடு ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அட்டையைப் பார்த்தார்.

"உக்காரு. குடோன்லர்ந்து வருது."

உட்கார்ந்தேன். (நம்பித்தான்.) அவருடைய ஆள் அட்டையை எடுத்துக்கொண்டு மார்க்கெட் கடைக்குப் போனான். வெகுநேரம் வரவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

மாமியார் கையில் அதே அட்டை. மஞ்சள் கறையோடு.

மார்க்கெட் கடைக்காரர் அதைத் தன் ஆளிடம் கொடுத்து எங்கள் கடைக்கு அனுப்பியிருக்கிறார். வந்தவனிடமிருந்து மாமியார் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"அட்ட ஊரச் சுத்திகினு வந்துடுச்சு மாப்ளே. மாத்திர எங்க?"

"குடோன்லர்ந்து..." என்று இழுத்தேன்.

"குடோன் எங்க கீதுன்னு காட்டுங்க. நானே எடுத்துக்கிறேன்."

முதலாளி அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

இருவரும் சென்ட்ரல் வண்டி பிடித்தோம். பாரிமுனையில் கிடைத்தது. ராத்திரி மாமனார் மாத்திரையை விழுங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

யோசித்துப் பார்த்தேன். பக்கத்துக் கடையில் இருக்கும் என்று மூன்று கடையும் நம்பின. அந்த நம்பிக்கையால்தான் மூன்றிலும் இல்லை. முதலாளியிடம் சொன்னேன். மூன்று முதலாளிகளும் டீ குடித்துப் பேசினார்கள். வலிப்பு மாத்திரை எப்போதும் எங்களிடம் இருக்கவேண்டும். சர்க்கரை ஊசி ஸ்டேஷன் கடையில், இளைப்பு மருந்து மார்க்கெட் கடையில். கைமாற்று நிற்கவில்லை. எங்கே ஓடவேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

வீட்டில் குடோனை விடுவார்களா? என் மகள் பிறப்பாள் என்று டாக்டர் சொன்ன நாள் தாண்டிப்போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். மாமனார் என் தோளைத் தட்டினார்.

"உக்காரு மாப்ளே. குடோன்லர்ந்து வந்துகினு கீது."

மகளுக்கே கல்யாணமாகிவிட்டது. இன்றைக்கும் வீட்டில் 'குடோன்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறாள்.