சிறப்புச் செவிமடுப்பாளர்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில், விசைத்தறிச் சத்தம் கொஞ்சம் அடங்குகிற இடத்தில் இருக்கிறது பேரொளி இறையியல் கல்லூரி. போதகர்களை உருவாக்குவதற்காக ஏற்பட்ட நிறுவனம். அது உருவாக்கிய போதகர்களைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர்கள் அந்தந்த ஊரில் சௌக்கியமாக இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது, கல்லூரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் ‘பேரொளி மடல்’ என்கிற பத்திரிகையும் அதன் கடைசிப் பக்கமும்தான்.

முதல் பக்கத்தில் முதல்வரின் தியானச் செய்தி வரும். அதை முதல்வர் படிப்பார். கடைசிப் பக்கத்தில் ‘ஆசிரியர், அலுவலர் பணிச் செயல்பாடுகள்’ வரும். யார் எந்த ஊருக்குப் போய் என்ன பேசினார்கள், எந்தக் கடையை ஜெபித்துத் திறந்துவைத்தார்கள் என்கிற விவரம். அதை எல்லோரும் படிப்பார்கள். முதலில் தன் பெயர், அப்புறம் தனக்கு ஆகாதவர் பெயர் என்கிற வரிசையில்.

ரொம்ப நாள் வரைக்கும் அது யாருக்கும் கெடுதல் செய்யாத பக்கமாகத்தான் இருந்தது. பிறகு இறையியல் கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற கழகம், இனி அந்தப் பக்கத்தை வைத்தே தரம் போடுவதாக முடிவு செய்தது. முதல்வர் அறிவர் ஞானதிரவியம் (அங்கே டாக்டர் பட்டத்தை அறிவர் என்றுதான் போடுவார்கள்) உடனே ஒரு சுற்றறிக்கை விட்டார். “ஆண்டவரின் கிருபையாலும் கழகத்தின் வழிகாட்டுதலாலும்” என்று தொடங்கிய அந்த அறிக்கையின் சாரம் இவ்வளவுதான்: எல்லோரும் ஏதாவது செயல்பட வேண்டும், செயல்படாதவருக்குப் பணி நிரந்தரம் கிடையாது. கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: வகுப்பெடுப்பது பணிச் செயல்பாட்டில் சேராது.

எபிரெய மொழி நடத்துகிற சுவிசேஷமுத்து அந்த அடிக்குறிப்பை மூன்று தடவை படித்தார். அவர் இன்னும் நிரந்தரமாகாதவர். அவருக்குத் தெரிந்த ஒரே வேலை வகுப்பெடுப்பது. எபிரெயம் தெரிந்த ஆளை எந்த ஊரில் கூப்பிடுவார்கள்? கல்யாண வீட்டில் கூப்பிட மாட்டார்கள். சாவு வீட்டில் நிச்சயமாகக் கூப்பிட மாட்டார்கள். வேலை போனால் கல்லூரி வளாகத்துக்குள் கொடுத்திருக்கும் வீடும் போகும். அந்த வீடு அவர் மனைவி கோகிலாவுக்கு உயிர். அந்த வட்டாரத்தில் குடத்தைத் தூக்காமல், அடுப்படிக்குள்ளேயே பைப்பைத் திருகித் தண்ணீர் பிடிக்கிற வீடு லேசில் கிடைக்குமா? ஒரே ஒரு குறை, அடுப்படிக்கு மேலே இருந்த சிமெண்ட் டேங்கில் ஒரு விரிசல்.

விரிசலையும் வேலையையும் சேர்த்துப் பேசிவிடலாம் என்று அலுவலகக் கண்காணிப்பாளர் மகாராஜனிடம் போனார். கடைசிப் பக்கத்தைத் தொகுப்பவர் மகாராஜன்தான்.

“டேங்கு விஷயமா? கேட்டுக்கிட்டேன்,” என்றார் மகாராஜன். “அத விடுங்க. ஒங்க பேருக்கு நேரா என்ன போட ஐயா?”

“எபிரெயு நடத்துதேன்.”

“அது உள்ள. வெளிய என்ன செஞ்சிய?”

“ஒண்ணும் செய்யல அண்ணாச்சி.”

“அப்படிச் சொல்லப்பிடாது. மெஸ்ல சமைக்காம்லா பேச்சிராஜ், ராயகிரில ஒரு கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போனான். ‘வட்டார உணவுப் பண்பாட்டுப் பரிமாற்றம்’னு போட்டேன். நானே கோயில்ல ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துல மாட்டிக்கிட்டு பஸ்ல கெடந்தேன். ‘பல்சமய விழாவில் பங்கேற்பு.’ ஒங்களுக்கு அப்படி எங்கயும் மாட்டிக்கிடலையா?”

சுவிசேஷமுத்து யோசித்துப் பார்த்தார். அவர் எங்கேயும் மாட்டிக்கொள்ளவில்லை. மகாராஜன் பரிதாபமாகப் பார்த்தார்.

அடுத்த வாரம் கல்லூரி மண்டபத்தில் ஒரு கருத்தரங்கு. தலைப்பு, ‘இன்றைய மனிதனுக்குச் செவிகொடுத்தல்’. சிறப்பு விருந்தினர் மதுரைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்த அறிவர் தேவாசீர்வாதம். எல்லோருக்கும் ஒரு செயல்பாடு கிடைக்க வேண்டும் என்பதால் முதல்வர் நிகழ்ச்சி நிரலைத் தாராளமாகப் போட்டிருந்தார். ஆரம்ப ஜெபம் ஒருவர், வேத வாசிப்பு ஒருவர், வரவேற்புரை ஒருவர், விருந்தினரை அறிமுகம் செய்ய ஒருவர், அறிமுகம் செய்பவரை அறிமுகம் செய்ய ஒருவர், வாழ்த்துரைக்கு ஒரு வரிசை, நன்றியுரை, நிறைவு ஜெபம், ஆசீர்வாதம். எல்லோரும் மேடையில் ஏறி உட்கார்ந்தார்கள். மாணவர்களும் செயல்பட வேண்டுமே என்று அவர்களை மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஊழியத்துக்கு அனுப்பியாகிவிட்டது. கீழே நாற்காலிகள் மட்டும் இருந்தன.

போட்டோ எடுக்க வந்த ஸ்டூடியோக்காரர் கண்ணன் ஒருமுறை மேடையையும் ஒருமுறை நாற்காலிகளையும் பார்த்தார்.

“ஐயா, கீழ ஒரு ஆளாவது இருந்தாத்தான் கூட்டம்னு சொல்ல முடியும்.”

நிகழ்ச்சி நிரலில் பெயர் விடுபட்டுப் போய், வகுப்பிலும் யாரும் இல்லாததால் வராந்தாவில் நின்றுகொண்டிருந்த சுவிசேஷமுத்துவைக் கைகாட்டி அழைத்தார் முதல்வர். அவர் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். கண்ணன் அவரை முன்வரிசையில் ஒரு படம், நடுவில் ஒரு படம், பின்னால் தூண் ஓரமாக ஒரு படம் எடுத்து, அரங்கை நிரப்பினார்.

இங்கேதான் சுவிசேஷமுத்து ஒரு தப்புச் செய்தார். பேசியதை உண்மையாகவே கேட்டார். தேவாசீர்வாதம் ஒரு கருத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார். இன்னொன்றுக்கு “ம்” என்றார். உருக்கமான இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவாசீர்வாதம் பேச்சை நிறுத்திவிட்டார்.

“இத்தனை வருஷமாப் பேசுறேன்,” என்றார் மைக்கிலேயே. “சரியான இடத்துல தலையாட்டின ஒரு ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

மேடையிலிருந்து இறங்கி வந்து, தனக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து சுவிசேஷமுத்துவுக்குப் போர்த்தினார். தன் கல்லூரிக்கு வந்து கேட்க வேண்டும் என்று அங்கேயே தேதியும் வாங்கிக்கொண்டார். மகாராஜன் அந்தக் காலாண்டு மடலில் இப்படிப் போட்டார்: ‘திரு. சுவிசேஷமுத்து, தேசியக் கருத்தரங்கில் தலைமையுரையைச் செவிமடுத்தார்.’

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் திருச்சிக்கும் போய்க் கேட்டார். எல்லாக் கல்லூரியிலும் இதே சுற்றறிக்கைதானே? எல்லா மேடையும் நிரம்பி வழிந்தது, எல்லா நாற்காலியும் காலியாக இருந்தது. அழைப்பிதழ்களில் அவர் படம் போட்டு ‘சிறப்புச் செவிமடுப்பாளர்’ என்று அச்சடித்தார்கள். சிவகிரியில் அவர் வரவில்லை என்று தெரிந்ததும் ஒரு மாநாட்டையே தள்ளிவைத்தார்கள். பெட்டி நிறையப் பொன்னாடை சேர்ந்தது. அவருடைய எபிரெய வகுப்பு மாணவர்கள் முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அது எபிரெயத்தில் ஓசையே இல்லாத எழுத்து என்பதால், யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஒரு நாள் காலையில் அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கோகிலா கரண்டியோடு வந்து நின்றாள்.

“ஏங்க, டேங்கு விரிசல்ல இப்ப வெரலு போவுது. அடுப்புல சொட்டுது. முதல்வர்ட்ட இன்னைக்காவது சொல்லுதியளா?”

சுவிசேஷமுத்து கண்களைப் பாதி மூடித் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ம். ஆழமாச் சொன்ன கோகிலா.”

“நான் என்ன பிரசங்கமா பண்ணுதேன்? அடுப்பு நனையுதுன்னு சொல்லுதேன்!”

“ம்,” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை. கோகிலா கத்தரிக்காய் விலையைச் சொன்னால்கூடக் கூடவே விசனப்படுகிற மனுஷன். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் கண்ணாடியைத் துடைப்பார் என்று அடக்கிக்கொண்டாள்.

இதற்குள் கழகம் ஆராய்ச்சி செய்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருந்தது. நாட்டில் பேச்சாளர் மிகுதி, கேட்பாளர் தட்டுப்பாடு. ஆகவே பேசினால் ஒரு புள்ளி, கேட்டால் இரண்டு புள்ளி. நடுவில் எழுந்து போனால் புள்ளி ரத்து.

அன்றிலிருந்து மேடைக்குப் பிடித்தது சனி. பிரசங்கக் கலை நடத்துகிறவர் அதை விட்டுவிட்டுத் தலையாட்டும் கலை நடத்த ஆரம்பித்தார். இசைவு ஆட்டம், வியப்பு ஆட்டம், மனந்திரும்பும் ஆட்டம் என்று அதில் மூன்று வகை. வாட்ச்மேன் வீரபாண்டி வருகிறவர்களை “எங்க போறிய?” என்று விசாரிப்பதை நிறுத்திவிட்டு அவர்கள் சொல்வதை மட்டும் கேட்கத் தொடங்கினார். முதல்வர் சுவிசேஷமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, நானும் சின்ன வயசுலேருந்தே நல்லாக் கேப்பேன். சொன்னா யாரும் கேக்கலை, அதான்.”

“ம்,” என்றார் சுவிசேஷமுத்து.

“நாளைக்குக் கழகத்திலேருந்து பார்வைக்கு வாராவ. தேவாசீர்வாதம் ஐயாதான் இப்ப அதுக்குத் தலைவர். நல்லபடியா முடிஞ்சா சாயங்காலமே ஒமக்கு நிரந்தர ஆர்டர். வீடும் ஒமக்கே. நீரு எந்திக்காம இருந்தாப் போதும்.”

மறுநாள் மண்டபத்தில் ‘செவிகொடுக்கும் திருச்சபை’ என்று பேனர் கட்டியிருந்தது. மேடை ஜோடிக்கப்பட்டிருந்தது, மைக் தயாராக இருந்தது. ஆசிரியர்கள் வந்து கீழே உட்கார்ந்தார்கள். அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை மாணவர்களையும் விடவில்லை. “முதல்வரே கேட்காவிட்டால் மற்றவர்கள் எப்படிக் கேட்பார்கள்?” என்று முன்வரிசையில் முதல்வர் உட்கார்ந்தார். கழகத்தாருக்கும் அவரவர் ஊரில் ஒரு கடைசிப் பக்கம் இருந்தது. அவர்களும் முதல்வர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள்.

கேமராவோடு வந்த கண்ணன் தலையைச் சொறிந்தார்.

“ஐயா, மேல ஒரு ஆளாவது...”

“உஸ்,” என்றார்கள் எல்லோரும்.

கூட்டம் தொடங்கியது. காலியான மேடையை அனைவரும் கவனித்தார்கள். தூரத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டொருவர் இசைவு ஆட்டம் ஆடினார்கள். தேவாசீர்வாதம் முதல்வர் காதோரம் சாய்ந்து, “இவ்வளவு தெளிவான கூட்டத்தை நான் பாத்ததே இல்லை,” என்றார். முதல்வருக்கு உடம்பு புல்லரித்தது.

அப்போது மண்டபத்தின் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள் கோகிலா. அந்தக் கதவு நேரே மேடைக்குத்தான் திறக்கும். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. மைக்குக்கு முன்னால்தான் நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

“ஏங்க! டேங்கு ஒடஞ்சுபோச்சு! அடுப்படிக் கூர கீழ எறங்கிட்டு! ஒங்க எபிரெயு அகராதி மெதக்குது! வால்வத் திருக முடியல, கை வழுக்குது. யாராவது வாங்களேன்!”

ஒலிபெருக்கி அதை ரோடு வரைக்கும் கொண்டுபோனது. மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் தலையை ஆட்டியது. “ம்” என்று ஒரு பெரிய சத்தம் எழுந்து அடங்கியது. கண்ணாடி போட்டிருந்தவர்கள் கழற்றித் துடைத்தார்கள். போடாதவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கித் துடைத்தார்கள்.

சுவிசேஷமுத்து எழுந்தார். அதாவது, பாதி எழுந்தார். முதல்வர் திரும்பிப் பார்த்தார். நடுவில் எழுந்து போனால் புள்ளி ரத்து. புள்ளி போனால் நிரந்தரம் போகும், நிரந்தரம் போனால் வீடு போகும். அந்த வீட்டைக் காப்பாற்றுவதற்காக அவர் மறுபடியும் உட்கார்ந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே உட்கார்ந்திருந்தார்.

கோகிலா அவரைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையை ஆட்டினார்.

பிறகு கைதட்டல். தேவாசீர்வாதம் கண் கலங்க மேடையேறி, “தண்ணீரைப் பற்றி இவ்வளவு உருக்கமா யாரும் பேசினதில்ல,” என்று அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். கோகிலா அதை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டு வந்த வழியே ஓடினாள். பொன்னாடையை வால்வில் சுற்றிப் பிடித்தபோது கை வழுக்கவில்லை. திருகி அடைத்துவிட்டாள். அந்தக் கல்லூரியில் அன்றுவரை போர்த்தப்பட்ட பொன்னாடைகளில் ஒரு வேலைக்கு உதவியது அது ஒன்றுதான்.

சாயங்காலம் நிரந்தர ஆர்டரோடு சுவிசேஷமுத்து வீட்டுக்கு வந்தார். கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கோகிலா கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“கோகிலா, ஆர்டர் வந்துட்டு. இனிமே இந்த வீடு நமக்குத்தான். நான் எந்திக்கத்தான் பாத்தேன். தப்புதான், இல்லங்கல. ஆனா ஒனக்காகத்தான்...”

கோகிலா கண்களைப் பாதி மூடித் தலையை ஆட்டினாள்.

“ம். ஆழமாச் சொன்னிய.”

அதற்குப் பிறகு அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் எல்லாவற்றுக்கும் சரியான இடத்தில் தலையாட்டினாள். ஊர் ஊராகப் போய்க் கேட்டவருக்கு, சொன்னது காதில் விழாவிட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தக் காலாண்டு மடலில் கல்லூரிக்கு முதல்தரம் கிடைத்த செய்தி வந்தது. கடைசிப் பக்கத்தில், ‘திருமதி கோகிலா சுவிசேஷமுத்து, நீர் மேலாண்மை குறித்து முதன்மையுரை ஆற்றினார், நூற்றுக்கு மேற்பட்டோர் செவிமடுத்தனர்’ என்று மகாராஜன் போட்டிருந்தார். புது டேங்கு வேண்டும் என்று கோகிலா எழுதிக் கொடுத்ததை நிர்வாகக் குழு இரண்டு கூட்டத்தில் எடுத்துக்கொண்டு, முழுவதும் பொறுமையாகக் கேட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் இப்போது தெருக்குழாய்க்குப் போகிறாள்.

இதைப் படித்துவிட்டு, “அப்படித்தான் இருக்கானுவ” என்று நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். சரியான இடத்தில்தான் ஆட்டியிருப்பீர்கள், சந்தேகமில்லை. பெயரையும் ஊரையும் மகாராஜனிடம் சொல்லிவையுங்கள். உங்களுக்கும் இரண்டு புள்ளி உண்டு.