திரும்பிப் பார்க்கக் கூடாத டிராக்டர்

டிராக்டர் வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகாதீர்கள். கடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது, அங்கே போங்கள். நட்டுச் சாமி இருக்கிறார், அவர் சொல்லுவார். போன வருஷம் வரை எங்கள் வட்டாரம் முழுக்க இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தது. சொன்னவர்களில் நானும் ஒருவன். கொட்டகைக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவன் நான். வரிசையில் நின்றவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தே எனக்குத் தோள் வலி வந்துவிட்டது.

சாமியிடம் ஒரு மேஜை. அதன் மேல் தடித்த மஞ்சள் துணி. துணியின் மேல் மூன்று மெல்லிய விளம்பரப் புத்தகங்கள்: ஒட்டக மார்க், காண்டாமிருக மார்க், வலது மூலையில் பருந்து மார்க். சாமி கண்ணை மூடி, நூலில் கட்டிய இரும்பு நட்டை அவற்றின் மேல் ஆட்டிக்கொண்டே போவார். உங்களுக்கு ராசியான வண்டி வந்ததும் நட்டு நடுங்கும், இழுக்கும், பொத்தென்று ஒட்டிக்கொள்ளும். கூட்டம் வாயைப் பிளக்கும். வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பருந்துதான். மீதி ஒருவர் காணிக்கையில் கஞ்சத்தனம் செய்தவர். அவருக்கு நட்டு எதற்குமே அசையவில்லை. இத்தனை பேருக்கும் எப்படி ஒரே ராசி என்று யாரும் கேட்கவில்லை. கொட்டகை ஏன் பருந்து மார்க் ஷோரூமின் சுவரை ஒட்டியே இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

வாங்கிய பருந்துகள் பறக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் புதிது வர நாற்பது நாள். மெக்கானிக்குக்குப் போன் செய்தால், "வந்துக்கிட்டே இருக்காருங்க" என்பார்கள். அந்த மனுஷன் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறார். சாமியிடம் போய் அழுதால் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்.

"முத நாள் உழும்போது திரும்பிப் பார்த்தியா?"

"பார்த்தேன் சாமி."

"பார்க்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

டிராக்டர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். கலப்பை பின்னால் இருக்கிறது. அது மண்ணில் இறங்கியதா, கல்லில் மாட்டியதா என்று திரும்பிப் பார்க்காமல் ஒரு சால்கூட ஓட்ட முடியாது. ஆகவே எல்லோரும் குற்றவாளிகள். தலையைக் குனிந்துகொண்டு, பரிகாரம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இப்படி ஒரு நிபந்தனையைக் கண்டுபிடித்த மூளைக்கு நான் இன்றும் ஒரு சலாம் போடுவேன்.

எங்கள் தெருவில் அவசரம் என்று ஒருவர். குளித்துவிட்டுத் துவட்டாமலே சட்டை போடுகிறவர். அதனால் அந்தப் பெயர். அவருடைய பழைய வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மழைக்கு இருபது நாள்தான் இருந்தது. மாடுகளை விற்று, ஆறு ஏக்கர் நிலத்தில் பாதியை அடகு வைத்து, புது வண்டி எடுக்கக் கிளம்பினார். புது வண்டியும் விதைப்பு நேரத்தில் நின்றுவிட்டால் அடகு வைத்த நிலம் போனதுதான். அவர் மனைவிக்குப் பருந்தைப் பற்றி நன்றாகவே தெரியும். அவளுடைய அண்ணன் வீட்டுப் பருந்தின் சீட்டில் இரண்டு மாதமாகக் கோழிதான் முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

அவள் தையல்காரி.

"எந்த வண்டிக்கு இங்க சாமான் கிடைக்குதுன்னு விசாரிச்சீங்களா?"

"அதான் சாமிகிட்ட விசாரிக்கப் போறேனே."

"என் மிஷினை நான் எப்படி வாங்கினேன்? பாபின் கேஸ் போனா எங்க கிடைக்கும், பழுதானா யார் வருவாங்கன்னு கேட்டுத்தானே வாங்கினேன். பன்னெண்டு வருஷமா ஓடுது."

"தையல் மிஷினும் டிராக்டரும் ஒண்ணாயிடுமா?"

மறுநாள் அவள் ஒரு சட்டைக்குக் காஜா எடுக்கும் சாக்கில் கொட்டகை ஓரமாக உட்கார்ந்தாள். கை காஜா எடுத்தது. கண் சாமியின் கையை அளவெடுத்தது. மதியம் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் அவசரத்தின் முறை வந்தபோது, மனைவி நான்கு பொட்டலங்களோடு வந்து நின்றாள்.

"நாலு புத்தகம் சாமி. காக்கித்தாள் போட்டுத் தைச்சிருக்கேன். எது எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். உங்க நட்டுக்கும் தெரியுமில்ல?"

சாமி பொட்டலங்களைத் தொடாமலே சொன்னார். "உறை போட்டா சக்தி ஏறாதும்மா."

"வெளியில போர்டுல இரும்பையும் துளைக்கும் ஞானம்னு எழுதியிருக்கீங்க. தாளைத் துளைக்காதா?"

கூட்டத்துக்குக் கோபம் வந்துவிட்டது, அவள் மேல்தான். "செஞ்சு காட்டுங்க சாமி, இவ வாயை அடைங்க" என்று கத்தி, சாமியை அவர்களே மாட்டிவிட்டார்கள். ஒரு சாமியாருக்கு எதிரியைவிடப் பக்தனால்தான் ஆபத்து அதிகம்.

பொட்டலங்களை அவளே மேஜையில் பரப்பினாள். நட்டு புறப்பட்டது. வலது மூலைக்கு வந்ததும் நடுங்கியது, இழுத்தது, பொத்தென்று ஒட்டிக்கொண்டது. வேறு மூலையில் நிறுத்தலாம் என்றால் அங்கே ஒட்டாதே, பாவம்.

"இதுதான் உன் புருஷனுக்கு ராசியான வண்டி" என்றார் சாமி.

அவள் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தாள். உள்ளே இருந்தது தையல் மிஷின் புத்தகம். எண்ணெய் விடும் முறை, படத்துடன்.

பின்வரிசையில் நின்ற லாரி டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப ஆறு ஏக்கரையும் ஊசியாலதான் உழணுமா சாமி?"

"பொம்பளை கை பட்டுடுச்சு, அதான்..." என்று சாமி இழுத்தார்.

அவள் கத்தரிக்கோலை அந்த மூலையில் வைத்தாள். பிறகு எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. அதற்குள் அவசரம் தன் குணப்படி துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். பலகையைக் குடைந்து, உள்ளே வட்டமாக ஒரு காந்தம் பதித்திருந்தது.

அந்தக் காந்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றி, கடை வாசலில் ஆணி பொறுக்க நான் வைத்திருந்தது. தனக்கும் ஆணி பொறுக்க வேண்டும் என்று சொல்லித்தான் சாமி அதை வாங்கிப் போனார். விற்றவன் நான். அடுத்த வாரமே வரிசையில் நின்று, எந்தக் கம்பெனி காற்றடிக்கும் மிஷின் வாங்கலாம் என்று அதனிடமே குறி கேட்டவனும் நான்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் காந்தத்தைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சாமி கம்பி நீட்டிவிட்டார். ஷோரூம்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரம் அவசரமும் மனைவியும் மூன்று கம்பெனியின் சாமான் கடைக்கும் போனார்கள். "கிளட்ச் பிளேட் இப்ப இருக்கா? எடுத்துக் காட்டுங்க" என்றார்கள். மெக்கானிக் எத்தனை நாளில் வருவார் என்று விற்பவரிடம் கேட்கவில்லை; அந்த வண்டியை ஐந்து வருஷம் ஓட்டியவர்களிடம் கேட்டார்கள். கடைசியில் காண்டாமிருகம் வீட்டுக்கு வந்தது. விதைப்பின் நடுவில் ஹைட்ராலிக்கில் எண்ணெய் கசிந்தது. மாலைக்குள் மெக்கானிக் வந்து வாஷரை மாற்றிவிட்டுப் போனார். அறுவடை முடிந்ததும் நிலம் அடகிலிருந்து திரும்பியது.

இப்போது கூட்டம் தையல் கடை வாசலில் நிற்கிறது. "அக்கா, காண்டாமிருகம்தான் ராசியா? நாங்களும் அதையே எடுக்கலாமா?"

அவள் மிதியிலிருந்து காலை எடுக்காமலே கேட்கிறாள். "உங்க பக்கத்துல அதுக்குச் சாமான் கிடைக்குதா? தெரியாதா? போய்க் கேட்டுட்டு வாங்க." அவர்கள் முகம் வாடிப்போகிறது. கேட்டு அலைவதைவிடக் கும்பிட்டுவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்.

ஐயா, உழுகிறவன் திரும்பிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்க்காதே என்று எவனாவது சொன்னால், முதலில் அவன் மேஜைத் துணியைத் தூக்கிப் பாருங்கள்.