பின்சீட்டில் அரிசி மூட்டை

சென்னையிலேயே வண்டிக்கு பேட்டரி மாட்டத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் மந்தைவெளி பேட்டரி பாய்தான். எந்தக் காராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டே நிமிடத்தில் மாட்டிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு, தன் சொந்த விமானத்தில் பேட்டரியை எங்கே வைப்பது என்று மட்டும் மூன்று வருஷமாகத் தெரியவில்லை.

ஆமாம், விமானம்தான். தொண்ணூறுகளில், கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், தகடும் குழாயுமாக அவரே கட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு சீட், அதற்குப் பின்னால் ஒரு சீட். தொல்லையே அந்தப் பின்சீட்டுதான். அதில் ஆள் உட்கார்ந்தால் வால் கனத்துவிடும். ஈடுகட்ட பேட்டரி முன்னால் எஞ்சின் பக்கம் போகவேண்டும். ஆள் இல்லையென்றால் மூக்கு கனக்கும். பேட்டரி வாலுக்குப் போகவேண்டும்.

"பின்னாடி யாரு பாய் உக்காரப் போறது?" என்று கேட்டேன்.

"வேற யாரு? எங்க வூட்டம்மாதான்."

"அவங்க வரேன்னாங்களா?"

"கேட்டாதானே நைனா சொல்லும்?"

"கேளுங்களேன்!"

"வேணாம்னுட்டா இன்னா பண்றது?"

பாவி மனுஷன், இதைக் கேட்க பயந்துகொண்டு மூன்று வருஷம் பேட்டரியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா காலையில் சிரித்துப் பேசினால் பேட்டரி முன்னால். மத்தியானம் குழம்பைக் குறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டால் பேட்டரி வாலில். கொட்டகையை எட்டிப் பார்த்தாலே அவர்கள் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும்.

எடை பார்ப்பதற்காகத் தெருவில் அகப்பட்டவரையெல்லாம் பின்சீட்டில் ஏற்றினார். நானே நாலு தடவை உட்கார்ந்திருக்கிறேன். "நீ பூஞ்சை நைனா, எறங்கு" என்று விரட்டிவிடுவார்.

ஒரு நாள் சார்ஜுக்குக் கொடுத்த ஸ்கூட்டர் பேட்டரியை வாங்கப் போயிருந்தேன். அக்கா விறுவிறுவென்று கொட்டகைக்குள் வந்தார். வீட்டில் அரிசி மூட்டையைக் காணோமாம். எப்படித்தான் தூக்கி ஏற்றினாரோ, மூட்டை பின்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"இன்னாய்யா இது, அரிசிக்கு பெல்ட்டு மாட்டி வெச்சிக்கீறே?"

பாய்க்கு வேர்த்துவிட்டது. "அது... நீதான்."

"நானா?"

"உன் வெயிட்டுக்கு வெச்சிக்கீறேன். எழுபத்தஞ்சு கிலோ."

தொலைந்தார் மனுஷன் என்று நினைத்தேன். அக்கா மூட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்ளோ நாளா என்னை வெச்சா கணக்கு போட்டுக்கினு இருந்தே?"

"ஆமா."

"வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னா?"

பாய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"மூட்டைய எறக்கு. நான் அறுபத்தெட்டுதான்" என்று சொல்லிவிட்டு, மூட்டை இறங்கியதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார் அக்கா. பெல்ட்டையும் போட்டுக்கொண்டார்.

பாய் அன்றைக்கே பேட்டரியை முன்னால் முடுக்கினார். வாலில் இருந்த பேட்டரித் தட்டை அடியோடு அறுத்துப் போட்டுவிட்டார். "நாளைக்கு அவங்க வரலேன்னா?" என்று பதறினேன்.

"இனிமே அது இல்லாம இது பறக்காது நைனா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

விமானம் பறக்கவேயில்லை, அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் முன்னும் பின்னுமாக அதில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பேட்டரி செத்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய், அவர்களைப் பார்த்ததும் கூப்பிட மனசு வராமல், அப்படியே தள்ளிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன்.