பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு தட்டு சீஸ் கட்டி

பஜ்ஜி போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் படுவதையெல்லாம் கடலை மாவில் முக்கிப் பார்க்கத் தோன்றும். வாழைக்காய், உருளைக்கிழங்கு, மிளகாய், முட்டை என்று ஜெயித்துக்கொண்டே போகிறவருக்குத் தோல்வி என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்த நாளில்தான் கபிலனின் அப்பாவும் அம்மாவும் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

எங்கள் இருவர் அளவில் பெண் பார்ப்பது என்பது சும்மா பேருக்குத்தான். இரண்டு குடும்பமும் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தில், மல்கிரேவ் பக்கம் எனக்கும் கபிலனுக்கும் ஒரே கட்டடத்தில் வேலை. லிஃப்ட்டில் ஆரம்பித்த பேச்சு காதலாகி, இரண்டு வீட்டுக்கும் தெரியவந்து, ஆளாளுக்கு ஒரு சுற்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் "சரி, முறைப்படி வந்து பார்க்கட்டும்" என்று என் அம்மா இறங்கி வந்தார். நாங்கள் திருச்சிக்காரர்கள். அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிரான்பர்னில் வீடு கட்டியவர்கள். கபிலனின் அப்பா எதற்கும் தலையாட்டுகிற மனிதர். முடிவு அம்மா கையில். அவரோ மகனிடம், "வந்து பாத்திட்டுத்தான் சொல்லுவன்" என்று சொல்லியிருந்தார். அவர் வேண்டாம் என்றால் கபிலன் மீறமாட்டான். (அவன் அப்படிப்பட்ட பிள்ளை. அதனால்தானே பிடித்தது, என்ன செய்ய?)

கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் என்று அம்மா திட்டம் போட்டிருந்தார். நான் விடவில்லை.

"எல்லா வீட்டுலயும் இதேதாம்மா. அவங்க என்னை ஞாபகம் வெச்சுக்கணும்ல?"

"அதுக்கு உன் மூஞ்சி போதாதா?" என்றார் அம்மா.

கிப்ஸ்லாண்ட் பக்கம் ஒரு பால் பண்ணை, வாசலிலேயே கடை. சீஸை அச்சில் போட்டு அழுத்துவதற்கு முன்பே, நெல்லிக்காய் அளவில் இருக்கும் கட்டிகளைப் பையில் போட்டு அன்றன்றைக்கே விற்பார்கள். லேசான உப்பு, பால் வாசனை. புதிதாக இருக்கும்போது பல்லில் பட்டால் கீச்சென்று சத்தம் போடும். மறுநாள் அந்தச் சத்தம் போய்விடும். அதையே மாவில் தோய்த்துப் பொரித்தும் தருவார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே இழுக்க இழுக்க நூலாக வரும். சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் சேறு படிந்த பூட்ஸோடு வரிசையில் நின்று வாங்குவார்கள். வீட்டுக்குத் தெரியாமல் போய் நானும் கபிலனும் நிற்போம். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சொந்த ஊர் உண்டென்றால் அது அந்தக் கடை வாசல்தான்.

ஆகவே அன்று காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தேன். பாதி அப்படியே தட்டில், மீதி பஜ்ஜி. பனீர் பஜ்ஜியில் நான் கைதேர்ந்தவள். இது பனீருக்குச் சித்தப்பா பிள்ளைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தார்கள், உட்கார்ந்தார்கள், வெயிலைப் பற்றிப் பேசி முடித்தார்கள். பட்டுப்புடவையில் நான் மிளகுத்தூள் தூவிய கட்டிகளை நீட்டினேன். பெண் பார்க்கும் வீட்டின் அமைதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அமைதியில் கபிலனின் அப்பா முதல் கட்டியைக் கடித்தார்.

கீச்.

புது ரப்பர் செருப்போடு டைல்ஸ் தரையில் நடந்த மாதிரி இருந்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டு அவர் தன் பல்செட்டை நாக்கால் தடவிப் பார்த்தார். அடுத்து என் அப்பா. கீச். சத்தம் போட்டது நாற்காலிதான் என்பதுபோல் குனிந்து அதன் காலைப் பார்த்தார் அவர். கபிலன் மட்டும் வெட்கமே இல்லாமல் கீச்சு கீச்சென்று மென்றுகொண்டிருந்தான். அவன் அம்மா கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விட்டதை பஜ்ஜியில் பிடித்துவிடலாம் என்று சமையலறைக்கு ஓடினேன்.

பஜ்ஜிக்காரி புத்தி எங்கே போகும்? உள்ளே வேக வேண்டுமே என்று அடுப்பைக் குறைத்து வைத்தேன். வாழைக்காய்க்கு அது சரி. சீஸில் வேக என்ன இருக்கிறது? நல்ல சூட்டில் போட்டவுடன் எடுக்க வேண்டியதை, பொன்னிறமாகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பஜ்ஜியாக வாயைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் எண்ணெயில் கக்கியது. கக்கியது ஒன்றுகூடி வாணலி அகலத்துக்குப் படர, மேலே வெறும் மாவுக்கூடுகள் மிதந்தன. பதறிப்போய் அடுப்பைக் கூட்டினேன். குப்பென்று புகை. கூரையிலிருந்த புகை அலாரம் ஊளையிட ஆரம்பித்தது.

கபிலனின் அம்மா உள்ளே வந்தபோது, அவருக்கு மருமகளாக ஆசைப்பட்டவள் நாற்காலிமேல் ஏறி நின்று, தாம்பாளத்தால் கூரைக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, முதல்ல கதிரையால இறங்கும்" என்றார்.

அடுப்பை அணைத்தார். கரண்டியால் படர்ந்து முறுகியிருந்த சீஸ் தகட்டைத் தூக்கி எண்ணெய் வடித்து, ஓரத்தை ஒடித்து வாயில் போட்டார். பின்னாலேயே வந்த கபிலனுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.

"ருசியாத்தான் கிடக்கு. இது எங்க வாங்கினனீர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கபிலன் முந்திக்கொண்டான். "கிப்ஸ்லாண்டில அம்மா. ஞாயிறு ஞாயிறு நாங்கள் போற கடை. அங்க இதைவிட..." என்றவன் பாதியில் நிறுத்தினான்.

"ஞாயிற்றுக்கிழமை உனக்கு கிரிக்கெட் எல்லோ?"

அந்த நேரம் பார்த்து அலாரமும் நின்றது. கிரிக்கெட் ஆடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அவன் என்னோடு வந்துகொண்டிருந்தான்.

"அப்ப நான் விடிய எழும்பிக் கட்டித் தந்த சோத்துப் பார்சல்?"

அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனதுதான் போச்சு, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று துணிந்தேன்.

"நான்தான் சாப்பிட்டேன் ஆன்ட்டி. இவர் பொரிச்ச சீஸ் சாப்பிடுவார், பார்சலை நான் எடுத்துக்குவேன். கத்திரிக்காய் பொரிச்ச குழம்புன்னா இவருக்கு ஒரு வாய்கூடத் தரமாட்டேன்."

"மரவள்ளிக்கிழங்குக் கறி?"

"அதுவும்தான். ஒருநாள் மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு." (இதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

"ஓம், அண்டைக்குக் கூடிப்போச்சுது" என்றவர் மகனை முறைத்தார். "இவன் நல்லா இருந்தது எண்டு சொன்னவன்."

பிறகு நேராகக் கூடத்துக்குப் போய் என் அம்மாவிடம் சொன்னார்: "இனி என்னத்தைப் பாக்கிறது? என்ர சோறு சாப்பிட்ட பிள்ளை. நீங்கள் நல்ல நாளைப் பாருங்கோ."

இப்போது அவர் என் மாமியார். கிரான்பர்ன் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அடுப்படியிலிருந்தே ஆரம்பித்துவிடுவார். "நாங்கள் பொம்பிளை பாக்கப் போனது பிறகு. அதுக்கு முதலே அவ என்ர கறியைச் சாப்பிட்டுப் பாத்து, மாமி சரிதான் எண்டு முடிவெடுத்திட்டா." வந்தவர்கள் சிரித்து முடிப்பதற்குள், உப்புப் பார்க்க என்னைக் கூப்பிடுவார்.