அண்டாவுக்குப் பொருந்திய ஷாக் அப்சார்பர்

கங்காதரனின் காரைத் தோற்கடிக்காமல் விடுவதில்லை என்று பாத்திரக்கடை துளசிங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே சபதம் எடுத்தார். வாய் நிறையப் பல்பொடி இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கிணற்றடியில் வாடகைப் பாத்திரங்களுக்குத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெயம்மாள் சிரித்திருப்பாள்.

எல்லாம் முந்தின நாள் மாலை ஆரம்பித்தது. தங்கை மணியம்மையின் நிச்சயதார்த்தத்துக்குப் பள்ளிப்பட்டு போன ஜெயம்மாள் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். துளசிங்கம் போகவில்லை. அன்றைக்கு நல்ல முகூர்த்தம், திருத்தணி மலையில் ஏகப்பட்ட கல்யாணம். அண்டாவும் அன்னக்கூடையும் அவர் கடையிலிருந்துதான் போக வேண்டும்.

"எப்டி வந்தே? பஸ்ஸா?"

"பஸ்ஸா? நம்ம கங்காதரன் பாவா கார்ல கொண்டாந்து உட்டாருங்க."

"அவனுக்கு ஏது காரு?"

"வாங்கிட்டாரு. இம்மாந்தூரம் வந்தேனே, வயித்துல தண்ணி அலுங்கணுமே? ஊஹூம். அப்டியே தூங்கிப் பூட்டேன்."

"அவன் வண்டியில நீ எதுக்குத் தூங்கறே?"

"ஓட்டற அழகு அப்டி. திருவாலங்காடு போவணும், நாழியாவுதுன்னாரு. கடைத்தெரு முனையிலயே எறங்கிகினேன்."

கங்காதரன் ஜெயம்மாளின் மாமன் மகன். முறை மாப்பிள்ளை. ஜாதகம் மட்டும் பொருந்தியிருந்தால் இன்றைக்கு அவள் திருவாலங்காட்டில்தான் தண்ணீர் சேந்திக்கொண்டிருப்பாள். பன்னிரண்டு வருஷமாகத் துளசிங்கத்துக்கு இந்த முள் குத்திக்கொண்டே இருந்தது. தம் கல்யாணப் பந்தியில் கங்காதரன் மூன்று முறை பாயசம் கேட்டு வாங்கியதைக்கூட அவர் காதல் தோல்வியின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

துளசிங்கத்திடமும் கார் இருந்தது. ஒரு ஜமீன்தார் ஓட்டி, ஒரு டாக்டர் ஓட்டி, இருபது வருஷம் கழித்து இவர் கைக்கு வந்தது. கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் கொண்டுபோவதற்காக வாங்கியது. "தூக்கித் தூக்கிப் போடுதுங்க, இடுப்பு வுட்டுப் போவுது, ரிப்பேர் பண்ணுங்க" என்று ஜெயம்மாள் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆடிக் கிருத்திகை போவட்டும்" என்பார் துளசிங்கம். இரண்டு ஆடிக் கிருத்திகை போய்விட்டது. அப்போதெல்லாம் இடுப்பு அவளுடைய இடுப்பாக இருந்தது. இப்போது அது அவருடைய மானமாகிவிட்டது.

வருகிற வெள்ளிக்கிழமை மணியம்மையின் கல்யாணத்துக்குப் பள்ளிப்பட்டு போயாக வேண்டும். வழியெல்லாம் ஜெயம்மாள் தம் பக்கத்தில் உட்கார்ந்து தூங்க வேண்டும். குறட்டையும் விட்டால் இன்னும் நல்லது. கங்காதரன் வாசலில் நின்று அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

ரயிலடிக்குப் பக்கத்தில் மெக்கானிக் கஜபதியின் கொட்டகை. கஜபதி மட்கார்டைக் கையால் அழுத்திவிட்டான். வண்டி ஏழு முறை ஆடிவிட்டு நின்றது.

"பாத்தியா மொதலாளி? ஸ்பிரிங்கு தூக்கிவுடும். ஷாக்கு அதைப் புடிச்சி நிறுத்தணும். ஒரு ஆட்டத்துல நிக்கணும். உன் வண்டியில நாலு ஷாக்கும் செத்துப் பூட்ச்சி."

"ஒசத்தியா நாலு போடு நைனா."

"மெட்ராஸ் புதுப்பேட்டையிலேர்ந்து ரெண்டு தினுசு கொண்டாந்து வெச்சிருக்கேன். நீ ஒண்ணு சொல்லு. வண்டியில ஏத்தப்போறது இன்னா? பாத்திரமா, சம்சாரமா?"

"இது இன்னாய்யா கேள்வி?"

"அதான் கேள்வியே. இது முறுக்கு, பாரத்துக்குப் போடறது. இது இளக்கம், ஆளுங்களுக்கு. முறுக்கைப் போட்டுகினு வெறும் வண்டி ஓட்டினா, ரோட்ல கெடக்கற கல்லை ஒவ்வொண்ணா எண்ணிகினே போவலாம்."

"திருவாலங்காட்டுல ஒருத்தன் கார் வாங்கிகிறான். அவன் வண்டியைவிட நல்லா ஓடணும்."

"அவரு வண்டி இன்னா மாடலு?"

"தெரியாது."

"ஷாக்கு இன்னா தினுசு?"

"அதெல்லாம் தெரியாதுய்யா. வயித்துல தண்ணி அலுங்கலையாம்!"

சொன்ன மாத்திரத்தில் துளசிங்கத்துக்கு ஒரு யோசனை உதித்தது. பாத்திரக்காரர் யோசனை. தண்ணி அலுங்கக் கூடாது, அவ்வளவுதானே? கடைக்கு ஓடிப்போய் இருப்பதிலேயே பெரிய செப்பு அண்டாவைக் கொண்டுவந்து பின்சீட்டில் வைத்தார். கழுத்துவரை தண்ணீர் ஊற்றினார். இளக்கமானதை மாட்டச் சொல்லி, கே.ஜி.கண்டிகை வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். வண்டி தொட்டில் போல இருபுறமும் சாய்ந்தது. திரும்பி வரும்போது அண்டாவில் பாதி, அவர் முதுகில் பாதி.

அடுத்தது முறுக்கு. அதே அண்டா, அதே ரோடு, அதே பள்ளங்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. துளசிங்கம் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் அசையாமல் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"இதையே வெச்சி முடுக்கு!"

"மொதலாளி, அண்டா வேற, அம்மா வேற. அண்டா நாலு ஆள் கனம் இருக்குது."

"கனத்துக்கே அலுங்காத வண்டி, ஒத்தை ஆளுக்கா அலுங்கப்போவுது? போய்யா!"

கஜபதி தலையில் அடித்துக்கொண்டு முடுக்கினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. கல்யாணப் பாத்திரங்களை முந்தின நாளே மாட்டு வண்டியில் அனுப்பிவிட்டார் துளசிங்கம். தமக்கும் ஜெயம்மாளுக்கும் நடுவில் ஒரு கரண்டிகூட இருக்கக் கூடாது. காலை ஏழு மணிக்கு, பட்டுப் புடவையும் தலைநிறையக் கனகாம்பரமுமாக அவள் முன்சீட்டில் ஏறினாள்.

"கண்ணை மூடிக்க ஜெயம்மா. பள்ளிப்பட்டு வந்தா எழுப்பறேன்."

தெருமுனை தாண்டுவதற்குள் அவள் தலை கூரையில் இரண்டு முறை இடித்தது. கடைத்தெருவில் கனகாம்பரம் அவிழ்ந்து மடியில் விழுந்தது. கல்லில் ஏறினால் கல் தெரிந்தது. சாணியில் ஏறினால் சாணி தெரிந்தது. துளசிங்கத்தின் வாய்க்குள் பற்கள் தாளம் போட்டன.

"இன்னாங்க இது? பழசே தேவலாம் போலகீதே!"

"தூ-தூ-தூங்கு!"

"எங்கேர்ந்து தூங்கறது? எத்தை வெச்சிப் பாத்து வாங்கினீங்க?"

"அண்-அண்டா."

ஜெயம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ சாந்தமாக, "அப்ப பின்னாடி கனம் இருந்தா சரியாப்பூடும். பஸ் ஸ்டாண்டாண்ட நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினார். அங்கே பள்ளிப்பட்டு பஸ்ஸுக்காக நின்ற கூட்டத்தில், கையில் குடையும் ஜமக்காளப் பையுமாக, துளசிங்கத்தின் அண்டாவையே வேட்டி கட்டி நிறுத்திய மாதிரி ஒருவர் நின்றிருந்தார். கங்காதரன். பக்கத்தில் அவர் மனைவி குப்பம்மாள், அவளும் சளைத்தவள் அல்ல.

"வாங்கண்ணே!" என்றார் கங்காதரன் வாயெல்லாம் பல்லாக. "வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க, கார்ல இட்டுகினு போறோம்னு ஜெயா கார்டு போட்டிருந்துது."

"உங்க காரு?"

"எந்தக் காரு? எனக்கு இருந்ததே ஒரு மாட்டு வண்டி. அத்தையும் போன வருசம் வித்துட்டேனே!"

துளசிங்கம் மெதுவாக ஜெயம்மாள் பக்கம் திரும்பினார். அவள் பின்கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏறுங்க பாவா. அக்கா, நீ அந்தப் பக்கம். நடுவுல பையை வெச்சிக்கோ."

இருவரும் ஏறியதும் வண்டி பெருமூச்சு விட்டு ஒரு சாண் இறங்கியது. அதன்பின் நடந்ததுதான் அநியாயம். பள்ளம் வந்தது, வண்டிக்குத் தெரியவில்லை. கல் வந்தது, யாருக்கும் தெரியவில்லை. பொதட்டூர்பேட்டை வருவதற்குள் கங்காதரன் குறட்டைவிடத் தொடங்கினார். துளசிங்கம் யார் குறட்டைக்காக ஏங்கினாரோ அந்த மனைவியிடமிருந்து அல்ல, எவனைத் தோற்கடிக்க வேண்டுமோ அவனிடமிருந்தே வந்தது அந்தக் குறட்டை.

"அப்ப அன்னிக்கு நீ எப்டி வந்தே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"பஸ்ஸுல. நின்னுகினே."

"எங்கிட்ட பொய்யா சொன்னே?"

"ரெண்டு வருசமா உண்மையைத்தான் சொல்லிகினு இருந்தேன். நடந்துதா?"

துளசிங்கம் கியரை மாற்றினார். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒன்று மட்டும் ஆறுதலாக இருந்தது. கங்காதரனிடம் கார் இல்லை, மாட்டு வண்டிகூட இல்லை. இனி இந்த ஜன்மத்தில் அந்த ஆள் பேரைச் சொல்லி யாரும் தம்மை ஏமாற்ற முடியாது. ஒரு மைல் தூரம் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார்.

ஜெயம்மாள் காய்ப்பேறிய உள்ளங்கைகளை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு வெளியே வயல்களைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்:

"காரு இல்லன்னா இன்னா? பாவா வூட்டுக் கெணத்துக்கு அடிபம்பு போட்டுட்டாரு. குப்பம்மா அக்கா கயித்தைத் தொட்டே ஆறு மாசமாவுது. பொண்டாட்டி கை நோவக்கூடாதாம்."

பின்னால் குறட்டை நின்றது. "எந்தப் பம்—" என்று கங்காதரன் வாயைத் திறந்தார். குப்பம்மாள் அவர் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். கங்காதரன் வாயை மூடிக்கொண்டார்.

துளசிங்கம் அத்தனையையும் கண்ணாடியில் பார்த்தார். கிள்ளியதைப் பார்த்தார், வாய் மூடியதைப் பார்த்தார், குப்பம்மாளின் உள்ளங்கையில் கயிறு தேய்த்த தழும்பைக்கூடப் பார்த்தார். பொய், பச்சைப் பொய் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அரை மைல் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"எத்தினி அடி ஆழத்துக்கு எறக்கிகிறானாம்?" என்று கேட்டார்.